பயாப்சி ரிப்போர்ட்டில் ‘பிசிஎல்-2 பாசிட்டிவ்’ என்று இருந்தால் எப்படிப் படிப்பது

ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறி, அரக்கோணத்தில் வண்டி மாறி, காட்பாடியில் இறங்கி வேலூருக்கு வைத்தியத்துக்குப் போகிற, ஆந்திராவில் இருக்கும் எங்கள் நகரிக்காரர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது தெலுங்கு, கையில் வருகிற ரிப்போர்ட் இங்கிலீஷ். சித்தப்பாவுக்குக் கழுத்தில் நெறி கட்டி, பயாப்சி எடுத்து, சிஎல்எல் என்கிற ரத்தப் புற்றுநோய் என்று தாள் வந்த அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. நோயின் பெயரைவிட ‘பிசிஎல்-2 பாசிட்டிவ்’ என்கிற வரிதான் எல்லாரையும் மிரட்டியது, ஏனென்றால் பாசிட்டிவ் என்றாலே கெட்டது என்று கொரோனா நம் மண்டையில் ஏற்றி வைத்துவிட்டது.

அந்த வரியைப் படிக்க ஒரே ஒரு விஷயம் தெரிந்திருந்தால் போதும். நம் உடம்பில் செல்கள் தினமும் கோடிக்கணக்கில் தாமாகவே சாகின்றன, சாக வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 5,000 கோடிக்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு விரல்கள் தனித்தனியாகப் பிரிவதே நடுவில் இருக்கும் செல்கள் செத்துப்போவதால்தான். அடிபட்டுச் சாகிற செல் வெடித்து, சுற்றி வீக்கமும் சிவப்பும் உண்டாக்கும். தானாகச் சாகிற செல் அப்படியில்லை, சுருங்கி, தன்னைத் துண்டு துண்டாகப் பொட்டலம் கட்டி, பக்கத்துச் செல்கள் விழுங்கிக்கொள்கிற மாதிரி வைத்துவிட்டுப் போகும். 1972-ல் கெர், வில்லி, கரி என்ற மூன்று பேர் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதற்கான கிரேக்கச் சொல் அது. நம் பேச்சில் ‘உதிர்வு’ என்று வைத்துக்கொள்ளலாம், வீட்டில் பெரியவர்களிடம் சொல்லும்போது ‘சாவு’ என்ற சொல் இல்லாமல் இருப்பதும் நல்லது.

சரி, பிசிஎல்-2 என்பது இந்த உதிர்வைத் தடுக்கிற புரதம். அது பாசிட்டிவ் என்றால் ‘இந்தச் செல்லில் அந்தத் தடுப்பு இருக்கிறது’ என்று மட்டும்தான் அர்த்தம். நல்ல நிலையில் உள்ள நிணநீர்ச் செல்கள் பலவற்றிலும் அது இருக்கும். நெகட்டிவ் என்றால் சந்தோஷப்படலாம் என்றும் இல்லை: படுவேகமாக வளரும் பர்கிட் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் பிசிஎல்-2 பெரும்பாலும் நெகட்டிவ்தான். எந்த வகை நோய் என்று அடையாளம் காண டாக்டருக்குப் பயன்படுகிற குறிப்பு அது, அதை மட்டும் வைத்து நாம் தீர்ப்பு எழுதக்கூடாது.

அடுத்து கேஐ-67 என்று ஒரு சதவீதம் இருக்கும். எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்கிற கணக்கு அது, அவ்வளவுதான்.

கவனமாகப் பார்க்க வேண்டியது பி53 என்கிற ஜீன், அல்லது 17-வது குரோமோசோமில் அந்த ஜீன் இருக்கும் இடம் காணாமல் போனதைச் சொல்லும் ‘17பி டெலிஷன்’. எங்கள் ஊர் விசைத்தறியில் ஊடை (குறுக்கு நூல்) அறுந்தால் தறி தானாக நிற்கும், அதற்கென்று ஒரு சின்ன முள் இருக்கிறது. அந்த முள் கெட்டால் ஊடையே இல்லாமல் தறி ஓடிக்கொண்டிருக்கும். பி53 செல்லுக்குள் இருக்கும் அந்த முள். டிஎன்ஏ பழுதானால் செல் பிரிவதை நிறுத்தும், சரிசெய்ய முடியாவிட்டால் உதிரச் சொல்லும். பழைய கீமோ மருந்துகளும், கரண்ட் வைப்பது என்று நாம் சொல்லும் கதிர்வீச்சும் பெரும்பாலும் டிஎன்ஏவைப் பழுதாக்கி, மிச்ச வேலையை இந்த முள்ளிடம்தான் விடுகின்றன. முள் இல்லாத சிஎல்எல்லில் அந்தக் கீமோ சரியாக எடுபடாது. அதனால் மருந்து தொடங்கும் முன்பே ‘17பி, பி53 பார்த்தாச்சா?’ என்று கேளுங்கள். நாங்கள் கேட்டோம், முதலில் போன இடத்தில் பார்க்கவேயில்லை.

பார்த்து, டெலிஷன் இருக்கிறது என்று வந்தாலும் இப்போது வழி உண்டு. வெனிடோகிளாக்ஸ் மாத்திரை நேராகப் பிசிஎல்-2 மேல் போய் உட்கார்ந்து தடுப்பை எடுத்துவிடும், பி53 இல்லாமலே செல் உதிரும். 2016-ல் அமெரிக்காவில் முதலில் அனுமதி கிடைத்ததே 17பி டெலிஷன் உள்ள சிஎல்எல் நோயாளிகளுக்குத்தான்.

இந்த மாத்திரையில் ஆபத்து என்னவென்றால், அது அளவுக்கு மீறி நன்றாக வேலை செய்துவிடும். ஒரே நாளில் ஏராளமான செல்கள் செத்தால் அவற்றுக்குள் இருந்த பொட்டாசியம், பாஸ்பேட், யூரிக் அமிலத்துக்கான சரக்கு எல்லாம் ரத்தத்தில் கொட்டும், சிறுநீரகம் திணறும், இதயத் துடிப்பு தப்பும். அதனால்தான் 20 மில்லிகிராமில் ஆரம்பித்து வாரத்துக்கு ஒருபடியாக 50, 100, 200, 400 என்று ஏற்றுகிறார்கள். ‘சீக்கிரம் குணமாகட்டும்’ என்று ஒருபோதும் நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். தொடங்குவதற்கு 2 நாள் முன்பிருந்தே தினம் ஒன்றரை முதல் 2 லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள், இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனைக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள், ஊர் தூரம் என்று தட்டாதீர்கள், அந்த வாரங்களில் வேலூரிலேயே லாட்ஜில் தங்கிவிடுவது உத்தமம்.

இளநீர் விஷயத்தில் நாங்களே தப்பு செய்யப் பார்த்தோம். நோயாளியைப் பார்க்க வருகிற சொந்தக்காரர் ஒவ்வொருவரும் நாலு இளநீரோடுதான் வருவார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், மருந்து தொடங்குகிற வாரத்தில் கேட்காமல் கொடுக்கவே கூடாது. பம்ப்ளிமாஸ், நட்சத்திரப்பழம் இரண்டும் வேண்டாம். மாத்திரையை உடம்பு கழிப்பதை மந்தமாக்கி, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும்.

அப்புறம் யாராவது ஒருவர் ‘மஞ்சள் கேன்சர் செல்லைக் கொல்லும்’ என்று பொடி டப்பாவோடு வருவார். பரிசோதனைத் தட்டில் மஞ்சளில் உள்ள குர்குமின் செல்களை உதிரச் செய்வது உண்மை, ஆனால் சாப்பிட்டால் ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம். ரசத்தில் போடுங்கள், மாத்திரைக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். நாட்டு மருந்து எல்லாமே பொய் என்று சொல்லவில்லை. வெள்ளைப் பாஷாணம் என்று நாம் சொல்லும் ஆர்சனிக் ட்ரையாக்சைடை மட்டும் வைத்து, ஏபிஎல் என்கிற வேறொரு ரத்தப் புற்றுநோய் வந்த 72 பேருக்கு வைத்தியம் செய்த விவரத்தை வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 2006-ல் வெளியிட்டார்கள், பெரும்பாலானவர்களுக்கு நோய் அடங்கியது. ஆனால் அது ஊசி வழியாக, அளந்து, இதயத் துடிப்பை ஈசிஜியில் பார்த்துக்கொண்டே ஏற்றியது. பொட்டலத்தில் வாங்கி வீட்டில் கரைத்தால் உயிருக்கே ஆபத்து.

சித்தப்பா இப்போது 400-க்கு வந்துவிட்டார். இளநீர் எப்போது தருவீர்கள் என்று தினமும் சித்தியிடம் சண்டை.