பாடல் வரிகளுக்கு மட்டும் வேறு எழுத்துரு

எங்கள் பாடகர் குழுவுக்காகத் தமிழ்க் கீர்த்தனை ஒன்றை, இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் நான்கு குரல்களுக்கு எழுதியபோது, என் கணினியில் சீராக நின்ற பாடல் வரிகள் நண்பரின் கணினியில் அகன்று, சுரங்களின் இடைவெளியையே மாற்றிவிட்டன. 3.6 பதிப்பு முதல் இயல்பாக அமைந்திருக்கும் எட்வின், நியூ செஞ்சுரி ஸ்கூல்புக் மரபில் வந்த நல்ல எழுத்துரு. ஆனால் அதில் தமிழ் எழுத்துகள் இல்லாததால், ஒவ்வொரு கணினியும் தன்னிடமுள்ள ஏதோவொரு தமிழ் எழுத்துருவைக் கொண்டு இட்டு நிரப்புகிறது. முதலில் அவசரப்பட்டு எல்லா உரையையும் நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துருவுக்கு மாற்றினேன். அது வீண்வேலை, வேகக் குறிப்புகளுக்கு எட்வினே பொருத்தம். பிறகு, ஒவ்வொரு வகை உரைக்கும் எழுத்துருவைக் குறிக்கும் உரைப்பாணிகளில் பாடல் வரிகளுக்குரிய ஒற்றைப்படை, இரட்டைப்படை வரிகள் இரண்டை மட்டும் மாற்றி (இரட்டைப்படையை மறந்தால் இரண்டாம் சரணம் பழையபடியே நிற்கும்), பாணியைத் தனிக் கோப்பாகச் சேமித்து, அதே எழுத்துருவை நண்பரின் கணினியிலும் நிறுவினேன்.