கடைசிப் பெயர் ஒன்று, துறைகள் பல: பட்டியல் தொகுக்கும் முறை

ஒரே குடும்பப் பெயரைத் தாங்கிப் பல துறைகளில் புகழ்பெற்றவர்களைப் பட்டியலிட்டுப் பள்ளி ஆண்டு மலரில் வெளியிட விரும்பும் பினாங்கு மாணவர்களுக்கான விளக்கம் இது.

படி 1: ஐயத்துக்கு இடமில்லாத பெயரில் தொடங்குங்கள். 1983இல் பினாங்கில் பிறந்து, உலக ஸ்குவாஷ் பட்டத்தை எட்டு முறை வென்ற நிக்கோல் டேவிட்டுக்கு, டேவிட் என்பது குடும்பப் பெயர். ஓவியர் ஜாக் லூயி டேவிட்டும் (1748–1825), 1869இல் சீனத்துப் பாண்டா கரடியை மேலை அறிவியலாளர்களுக்கு அறிமுகப்படுத்திய பாதிரியார் ஆர்மன் டேவிட்டும் அப்பெயரினரே. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே உறவினர் என்று எழுதிவிடாதீர்கள்.

படி 2: தமிழ்ப் பெயரானால், கடைசியில் நிற்பது யாருடைய பெயர் என்று பாருங்கள். பெரும்பாலான பட்டியல்கள் பிழைபடுவது இங்கேதான். கிருஷ்ணன் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். ராமன் விளைவு 1928இல் கண்டறியப்பட்டபோது சி. வி. ராமனுடன் உழைத்த இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணனுக்கும், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் அது சொந்தப் பெயர். 1960, 1961 விம்பிள்டன் அரையிறுதிகளில் ஆடிய ராமநாதன் கிருஷ்ணனுக்கும் அப்படியே. முன்னால் நிற்கும் ராமநாதன் அவருடைய தந்தை. ஆனால் 1986இல் விம்பிள்டன் காலிறுதியை எட்டிய அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணனுக்கு, கிருஷ்ணன் தந்தை பெயராகிவிடுகிறது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து மெக்சிஸ் தொலைத்தொடர்பு, ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி நிறுவனங்களை உருவாக்கிய தொழிலதிபர் டி. ஆனந்த கிருஷ்ணனுக்கோ (1938–2024), ஆனந்த கிருஷ்ணன் முழுவதுமே சொந்தப் பெயர். தந்தை பெயர் முன்னெழுத்தில் அடங்கியிருக்கிறது. ஆகவே இந்த ஐவரையும் ‘கிருஷ்ணன் குடும்பப் பெயரினர்’ என்ற தலைப்பில் அடுக்குவது தவறு. ‘கிருஷ்ணன் என்ற பெயர் கொண்டோர்’ என்பதே சரி.

படி 3: மலேசியப் பெயர்களுக்கு அடையாள அட்டை முறை பெரிதும் உதவும். ‘அனாக் லெலாக்கி’ (மகன்), ‘அனாக் பெரெம்புவான்’ (மகள்) என்னும் மலாய்ச் சொற்களுக்கு முன்னால் வருவது சொந்தப் பெயர், பின்னால் வருவது தந்தை பெயர். நாம் தமிழில் த/பெ என்று எழுதுவதும் இதையே. இத்தகையோரை அகரவரிசையில் சேர்க்கும்போது சொந்தப் பெயரின் முதல் எழுத்தையே கொள்ளுங்கள். தந்தை பெயரின்கீழ் மகளைத் தேடுமாறு வாசகரை அலையவிடுவது முறையன்று.

படி 4: ஒவ்வொருவருக்கும் ஒரே வரி போதும்: பெயர், ஆண்டுகள், துறை, முதன்மைச் சாதனை. இறுதியில் அப்பெயர் சொந்தப் பெயரா, தந்தை பெயரா, குடும்பப் பெயரா என்பதையும் குறித்துவிடுங்கள். எடுத்துக்காட்டு: ‘என்.எஸ். கிருஷ்ணன் (1908–1957), நகைச்சுவை நடிகர், கலைவாணர் எனப் போற்றப்பட்டவர், சொந்தப் பெயர்.’