பழைய மெடிக்கல் லீவும் அரசுத் துறை வேலையும்: விண்ணப்பிக்கும் முன் செய்ய வேண்டியவை

முந்தைய வேலையில் உடம்பு சரியில்லாமல் லீவு எடுத்தவர்கள் அரசுத் துறைக்கு விண்ணப்பிக்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையில்லை. காரணமும் சான்றும் உள்ள லீவை விளக்கிவிடலாம். நீங்கள் எழுதும் கணக்கும் பழைய அலுவலகம் அனுப்பும் கணக்கும் முரண்பட்டால்தான் விளக்குவது கஷ்டம். ஆகவே வேலையை அங்கிருந்தே தொடங்குங்கள்.

படி 1: பதிவேட்டைக் கையில் வாங்குங்கள்

கடைசி 3 வருட லீவுப் பதிவின் நகலைக் கேட்டு எச்.ஆருக்கு (பணியாளர் பிரிவுக்கு) மெயில் அனுப்புங்கள். வாய்மொழியாகக் கேட்டால் பின்னால் காட்ட எதுவும் இருக்காது. ஒவ்வொரு லீவுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, நாள் எண்ணிக்கை, பதிவான காரணம், சர்டிபிகேட் கொடுத்தீர்களா என்ற ஐந்தும் வேண்டும்.

நகல் வந்ததும் வரிவரியாகப் பாருங்கள். அரை நாள் முழு நாளாக ஏறியிருக்கும். சொந்த வேலைக்கு எடுத்த லீவு மெடிக்கல் லீவில் சேர்ந்திருக்கும். வேலையிடத்தில் அடிபட்டதும் கர்ப்பகால உடல்நலக் குறைவும் சாதாரணக் காய்ச்சலோடு ஒரே கணக்கில் கிடக்கும். இவற்றைத் தனியாகப் பிரித்துத் திருத்தித் தரச் சொல்லுங்கள். அந்த வேலையில் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. விலகிய பிறகு பதில் வாங்குவது பெரும்பாடு.

அதிகம் பேர் இடறும் இடம் ஒன்று உண்டு. மார்ச் 6 திங்கள் முதல் ஏப்ரல் 14 வெள்ளி வரை லீவு என்று வையுங்கள். நாட்காட்டிப்படி அது 40 நாள். சனி, ஞாயிறு கழித்தால் 30 வேலை நாள். நீங்கள் 30 என்று எழுதி, அலுவலகம் 40 என்று எழுதினால், இரண்டும் சரியாக இருந்தும் படிப்பவருக்கு நீங்கள் 10 நாளை மறைத்ததாகத் தோன்றும். எண்ணுக்குப் பக்கத்தில் ‘வேலை நாள்’ அல்லது ‘நாட்காட்டி நாள்’ என்று கட்டாயம் எழுதுங்கள்.

படி 2: எத்தனை நாள், எத்தனை தடவை?

லீவால் வேலைக்கு எவ்வளவு இடையூறு என்று அளக்க, சில நிறுவனங்கள் ‘பிராட்ஃபோர்டு’ கணக்கைப் பயன்படுத்துகின்றன; எண் கூடினால் இடையூறு கூடுதல் என்று எடுத்துக்கொள்வார்கள். லீவு எடுத்த தடவைகளை அதே எண்ணால் பெருக்கி, அதை மொத்த நாட்களால் பெருக்குவார்கள். வழக்கமாக 52 வாரத்துக்குப் பார்ப்பார்கள். ஒரே தடவையில் 10 நாள் என்றால் 1×1×10, அதாவது 10. இரண்டிரண்டு நாளாக 5 தடவை என்றால் 5×5×10, 250. ஒவ்வொரு நாளாக 10 தடவை என்றால் 1000! நாள் அதே பத்துதான். ஒரு அறுவை சிகிச்சைக்காக எடுத்த நீண்ட லீவைவிட, அடிக்கடி எடுத்த ஒற்றை நாள் லீவுகளுக்கே விளக்கம் கூடுதலாகத் தேவை. எல்லாம் ஒரே நோயால் வந்தவை என்றால் அதைச் சொல்லுங்கள். நாள்பட்ட நோய், மாற்றுத்திறன் தொடர்பான லீவை இந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை என்பது எங்கள் கருத்து.

படி 3: எந்தக் கட்டத்தில் கேட்கிறார்கள்?

எல்லா நாட்டிலும் ஒரே விதி இல்லை. பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டத்தின் 60-வது பிரிவுப்படி, வேலை தருவதாகச் சொல்லும் முன் உடல்நலத்தைப் பற்றிப் பொதுவாகக் கேட்கக் கூடாது. சில விலக்குகள் உண்டு. அமெரிக்காவிலும் 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. உங்கள் விண்ணப்பம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்ட காலத்துக்கு மட்டும் பதில் எழுதுங்கள். 2 வருடம் கேட்டால் 2 வருடம் போதும். கேட்காததைத் தானாகக் கொட்ட வேண்டாம். கேட்டதை மறைக்கவும் வேண்டாம். பொய் பின்னால் தெரிந்தால், சேர்ந்த பிறகும் வேலை போகலாம்.

படி 4: விளக்கத்தை நான்கு சிறு வாக்கியத்தில் முடியுங்கள்

‘முழங்கால் அறுவை சிகிச்சை. மார்ச் 6 முதல் ஏப்ரல் 14 வரை, 30 வேலை நாள், ஒரே தடவை. ஏப்ரல் 17 முதல் முழு நேர வேலை. அதன் பின் இதே காரணத்துக்காக லீவு இல்லை.’

இவ்வளவு போதும். மாத்திரைப் பெயர், ஸ்கேன் ரிப்போர்ட் எதுவும் வேண்டாம். கடைசி வாக்கியம்தான் உங்களுக்காகப் பேசும்; அது உண்மையாக இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

படி 5: மருத்துவப் பரிசோதனையும் ரெஃபரன்ஸும்

ஃபிட்னஸ் சர்டிபிகேட்டில் ‘நலமாக உள்ளார்’ என்று மட்டும் இருந்தால் பயன் குறைவு. வேலையில் நிற்க வேண்டுமா, பளு தூக்க வேண்டுமா, இரவுப் பணி உண்டா என்று டாக்டரிடம் சொல்லி, அவற்றைச் செய்ய முடியும் என்று எழுதி வாங்குங்கள். ஏதாவது வசதி தேவை என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள். போலீஸ், தீயணைப்பு, ஓட்டுநர் பணிகளுக்குத் தனி உடல்தகுதி அளவுகோல் இருக்கும், முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

பரிசோதனையும் ரெஃபரன்ஸும் (பழைய அலுவலகம் உங்களைப் பற்றி அனுப்பும் தகவல்) முடிந்து இறுதி நியமன ஆணை கைக்கு வரும் வரை இப்போதைய வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். ‘இவையெல்லாம் சரியாக இருந்தால் வேலை’ என்ற நிபந்தனையுடன் வந்த கடிதத்தை நம்பி விலகியவருக்கு, ரெஃபரன்ஸில் ஒரு தவறான எண் வந்தால் இரண்டு வேலையும் இல்லாமல் போகும்.

லீவைக் காரணம் காட்டி நிராகரித்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பழைய அலுவலகம் அனுப்பிய ரெஃபரன்ஸின் நகலையும் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் படி 1-இல் வாங்கிய பதிவோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எண் மாறியிருந்தால் இரண்டு நகலையும் இணைத்து, மறுபரிசீலனைக்கு உடனே எழுதுங்கள்.