அறக்கட்டளைச் சொத்து வழக்கு: அறங்காவலர்களைத் தரப்பினராகச் சேர்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறக்கட்டளைச் சொத்து பற்றிய பல வழக்குகளில் பிராதின் (வாதி தாக்கல் செய்யும் வழக்குரையின்) முதல் பக்கமே கோளாறைக் காட்டிவிடும். பிரதிவாதி என்ற இடத்தில் ‘இன்ன அறக்கட்டளை, அதன் நிர்வாக அறங்காவலர் மூலமாக’ என்று ஒரே வரி இருக்கும். அறக்கட்டளைப் பத்திரத்திலோ ஐந்து அறங்காவலர்கள் இருப்பார்கள். எதிர்த்தரப்பு வக்கீல், ‘தேவையான தரப்பினரைச் சேர்க்காததால் வழக்கு நிலைக்கத்தக்கதல்ல’ என்று எதிருரையின் கடைசியில் எழுதிவைப்பார். எல்லா எதிருரையிலும் வரும் பல்லவிதானே என்று வாதி அதைக் கடந்துவிடுவார்.

தனியார் அறக்கட்டளைக்கு, கம்பெனிக்கு இருப்பதுபோல் தனிச் சட்ட ஆளுமை கிடையாது. சொத்து அறங்காவலர்கள் அனைவரிடமும் கூட்டாக இருக்கிறது. அதனால்தான், அறங்காவலர்களில் ஒருவர்மீது வழக்குப் போட்டாலும் எல்லோரையும் சேர்க்க வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 31-ஆம் ஆணை, 2-ஆம் விதி சொல்கிறது. இந்தியாவுக்கு வெளியே இருக்கும் அறங்காவலருக்கு விதிவிலக்கு உண்டு. ‘அறக்கட்டளை’ என்று பெயர்ப்பலகை வைத்திருப்பவை எல்லாம் அறக்கட்டளையும் அல்ல. சில, சங்கமாகப் பதிவானவை. அவற்றுக்கு வழிமுறை வேறு. பதிவுச் சான்றிதழைப் பார்க்காமல் பிராது எழுத உட்காரக் கூடாது.

நிர்வாக அறங்காவலர் வாடகை வசூலிக்கிறார், கையெழுத்துப் போடுகிறார், ஆகவே வழக்கிலும் அவர் ஒருவர் போதும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. பத்திரத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய அறங்காவலர்கள் அனைவரும் சேர்ந்தே செயல்பட வேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு. நிர்வாக அறங்காவலரே வழக்காடலாம் என்று பத்திரத்தில் ஷரத்து இருந்தால், அறக்கட்டளை வாதியாக வரும்போது அது கைகொடுக்கும். அறக்கட்டளைக்கு எதிராக வழக்குப் போடுகிறவர் அதை நம்பி மற்றவர்களை விட்டுவிடுவது வீண் துணிச்சல் என்பேன். வாதியாக வர மறுக்கும் அறங்காவலரைப் பிரதிவாதியாகச் சேர்த்துவிட்டு, காரணத்தைப் பிராதிலேயே சொல்லிவிடலாம்.

அடுத்த தவறு, பழைய பத்திரத்தில் உள்ள பெயர்களை அப்படியே நகலெடுப்பது. இன்று யார் அறங்காவலர் என்பதற்குத் துணைப் பத்திரங்களையும் கூட்டத் தீர்மானங்களையும் பார்க்க வேண்டும். இறந்துபோன அறங்காவலரின் மனைவி, மக்களை வாரிசுகளாகச் சேர்க்கும் மனுக்களும் வருகின்றன. அவர் சொத்துக்குத்தான் அவர்கள் வாரிசு. பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் அறக்கட்டளைச் சொத்து எஞ்சிய அறங்காவலர்களிடம் போகும் என்கிறது அதே சட்டத்தின் 76-ஆம் பிரிவு. வழக்கு நடக்கும்போது புதியவர் நியமிக்கப்பட்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 22-ஆம் ஆணையின் 10-ஆம் விதிப்படி அவரைக் கொண்டுவரலாம்.

எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு, தாமதம். ‘வழக்கின் எந்த நிலையிலும்’ தரப்பினரைச் சேர்க்கலாம் என்று அதே நடைமுறைச் சட்டத்தின் 1-ஆம் ஆணையின் 10-ஆம் விதி சொல்வதைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். காலவரையறைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு வேறு கணக்குப் போடுகிறது: புதிதாகச் சேர்க்கப்பட்டவரைப் பொறுத்தவரை, அவர் சேர்க்கப்பட்ட நாளில்தான் வழக்குத் தாக்கலானதாகக் கொள்ளப்படும். விற்பனை ஒப்பந்தம் ஒன்றில் கிரயத்துக்குக் குறித்த நாள் 2022 ஜூன் 30 என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்குக்கு 3 ஆண்டு கெடு. நிர்வாக அறங்காவலர்மீது 2024 மே மாதம் வழக்குப் போட்டாயிற்று, கெடுவுக்குள்தான். மற்ற நால்வரை 2025 அக்டோபரில் சேர்த்தால், அவர்களைப் பொறுத்தவரை கெடு தாண்டிவிட்டது. நல்லெண்ணத்தில் நேர்ந்த பிழை என்று காட்டினால், முந்தைய தேதியிலேயே தாக்கலானதாகக் கருதும்படி கோர்ட் உத்தரவிடலாம். ஆனால் எதிருரையில் அந்தக் குறையைச் சுட்டிக்காட்டி ஓராண்டு ஆன பிறகு மனுப் போட்டவர் நல்லெண்ணம் பற்றிப் பேசினால் யார் நம்புவார்கள்? எதிருரை கைக்கு வந்ததும் மனுவைப் போட வேண்டும். அந்த மனுவில் 21-ஆம் பிரிவின் சலுகையையும் சேர்த்தே கேட்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

பயத்தில் ஊரையே சேர்ப்பதும் தவறுதான். வெளியாருடன் நடக்கும் சொத்து வழக்கில் பயனாளிகளுக்காக அறங்காவலரே நிற்பார். சாதாரணமாகப் பயனாளிகள் தேவையில்லை. ‘நானும் அறங்காவலர்தான்’ என்று உள்சண்டையைத் தூக்கிக்கொண்டு வருபவர்களையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. யார் தேவையான தரப்பினர் என்பதற்கு, கஸ்தூரி எதிர் அய்யம்பெருமாள் வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு சோதனைகளை வைத்தது: அவருக்கு எதிராக ஏதேனும் பரிகாரம் கேட்கும் உரிமை இருக்க வேண்டும், அவர் இல்லாமல் பயனுள்ள தீர்ப்பாணை பிறப்பிக்க முடியாத நிலை இருக்க வேண்டும்.

பொது அறக்கட்டளையில் அறங்காவலரை நீக்கும் கோரிக்கையை இந்த வழக்கில் நுழைக்காதீர்கள். அதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவும் கோர்ட்டின் முன் அனுமதியும் இருக்கின்றன.

மனு அனுமதிக்கப்பட்ட பிறகும் வேலை மிச்சமிருக்கிறது. தலைப்பில் நான்கு பெயரைச் செருகிவிட்டு, பிராதின் உடலில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விடுவது சகஜம். அவர்கள் எப்படி அறங்காவலர் ஆனார்கள், அவர்களிடம் என்ன பரிகாரம் கேட்கிறோம் என்பது வர வேண்டும். திருத்திய பிராதும் சம்மனும் அவர்களுக்குச் சேர்ப்பிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ‘அறங்காவலர் என்ற முறையில்’ என்று எழுதாவிட்டால், தீர்ப்பாணை அந்த நபரைக் கட்டுப்படுத்துகிறதா, அறக்கட்டளைச் சொத்தையா என்ற வாதம், தீர்ப்பாணையைச் செயல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனுவில் புதிதாகக் கிளம்பும்.