காதுக்குள் ஓயாத சுருதி: காதிரைச்சலோடு நாதசுரமும் தவிலும் வாசிப்பது எப்படி

முகூர்த்தம் முடிந்து வேனில் ஏறி உட்கார்ந்ததும் காதுக்குள் ‘ங்ஙொய்ய்’ என்று ஒரு சத்தம் கேட்கும். தூங்கி எழுந்தால் போய்விடும். மேளக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். ஒரு நாள் தூங்கி எழுந்த பிறகும் அது போகாது. அங்கிருந்து என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் இரண்டு வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் சத்தத்தைக் குறைப்பது ஒன்று. உள்ளே கேட்கும் இரைச்சலோடு மல்லுக்கு நிற்காமல் இருப்பது இன்னொன்று. முதல் வேலைக்குக் காதை அடைக்க வேண்டும். இரண்டாவதற்குத் திறந்து வைக்க வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: மேளத்தின்போது வெறும் காது, வீட்டுக்கு வந்ததும் பஞ்சு.

உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்ட பகுதிக்குள் இருக்கும் மயிர்ச்செல்கள்தான் ஒலியை நரம்புக்குச் சேதியாக மாற்றுகின்றன. பலத்த சத்தத்தில் அவை மடிந்தால் மறுபடி முளைப்பதில்லை. காதுக்குழாய் தன் அமைப்பாலேயே 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைப் பெருக்கித்தான் உள்ளே அனுப்புகிறது; அதனால் சேதம் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் விழுகிறது. அந்த இடத்திலிருந்து சேதி குறைந்ததும், மங்கலாகக் கேட்கும் ரேடியோவின் சத்தத்தை ஏற்றிவைப்பதுபோல மூளை தன் பங்குக்கு ஏற்றுகிறது. அந்த ஏற்றத்தில் வருவதுதான் இரைச்சல். அது அநேகமாகக் கீச்சென்று உச்சத்தில் கேட்பதற்கும் இதுவே காரணம். நாதசுர வகைகளில் திமிரியை விடப் பாரிக்குச் சுருதி குறைவு, ஆகவே காதுக்கு அடியும் குறைவு என்று நினைக்க வேண்டாம். ஆதார சுருதி எதுவாக இருந்தாலும், நாதசுரத்தின் விரிந்த அடிவாயான அனசிலிருந்து வெளிவரும் ஒலியில் இந்த 3000, 4000 பகுதி நிறையவே இருக்கும்.

பரிசோதனை

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவிலேயே ஆடியோகிராம் என்ற கேள்விச் சோதனை எடுக்கிறார்கள். முந்தின நாள் கச்சேரி வாசித்துவிட்டுப் போகாதீர்கள். குறைந்தது 14 மணி நேரமாவது காது அமைதியில் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தற்காலிக மந்தமும் சேர்ந்து பதிவாகிவிடும். 3000, 6000 ஹெர்ட்ஸையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். 4000-இல் பள்ளம் விழுந்து 8000-இல் வரைகோடு மறுபடி ஏறினால் அது சத்தத்தால் வந்த சேதத்தின் அடையாளம். ஆடியோகிராம் சரியாக வந்தும் இரைச்சல் இருக்கலாம். அப்போது ஓஏஇ என்ற இன்னொரு சோதனையைக் கேட்டுப் பாருங்கள். கேள்வித்திறன் குறையும் முன்பே மயிர்ச்செல்களின் தளர்ச்சியை அது சில சமயம் காட்டிக்கொடுக்கும். மார்கழியில் கல்யாணம் இல்லை. வருடாந்தரப் பரிசோதனைக்கு அதை விட நல்ல மாதம் கிடையாது.

காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் இரண்டு மூன்று நாளுக்குள் டாக்டர் முன்னால் இருக்க வேண்டும். ஸ்டீராய்டு சிகிச்சை சீக்கிரம் தொடங்கினால்தான் பலன். ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கும் இரைச்சல், தலைசுற்றலோடு வருவது ஆகியவற்றை ‘மேளத்தால் வந்தது’ என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

கணக்கு

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் அளவு இது: 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 97-க்கு அரை மணி, 100-க்குக் கால் மணி. ஐபோன் இருந்தால் நியோஷின் இலவச ஒலிமானி செயலியைப் போட்டுக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு செயலிகள் போனுக்குப் போன் வித்தியாசப்படும். நேற்றைய மண்டபத்தையும் இன்றைய மண்டபத்தையும் ஒப்பிட மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அளக்கும்போது வேறொருவர் போனை உங்கள் காதுக்கு ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். ஆலாபனை, தனி, கெட்டிமேளம் என்று தனித்தனியாகச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் செட்டில் சராசரி 94 என்று வந்து, மூன்று மணி நேரம் வாசித்தால் மூன்று நாளுக்கான சத்த அளவை ஒரே காலையில் வாங்கிவிட்டீர்கள். அதில் 9 டெசிபலைக் கழித்தாலே 85-க்கு வந்துவிடும். அதாவது சத்தத்தை முழுக்க அடைக்க வேண்டியதே இல்லை.

இயர்பிளக்

மருந்துக்கடையில் கிடைக்கும் மஞ்சள் பஞ்சு பிளக் 25, 30 டெசிபல் குறைக்கும். ஆனால் மேல் ஒலிகளை அதிகமாகவும் கீழ் ஒலிகளைக் குறைவாகவும் வெட்டும். தவில்காரருக்கு வலப்பக்கத் தோலான வலந்தலையின் கூர்மை போய் இடப்பக்கத் தொப்பியின் முழக்கம் மட்டும் மிஞ்சும். தவிலின் சொல் தெளிவாகக் காதில் விழாததால் கை தானாகவே ஓங்கி அடிக்கும். மாலைக்குள் விரல் வீங்கும். பஞ்சு பிளக்கை வேட்டுச் சத்தத்துக்கும் ஜெனரேட்டர் பக்கத்துக் காத்திருப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். போடும் முறையில்தான் அதன் பலன் இருக்கிறது. மெல்லிய திரி போல உருட்டி, மறுகையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செருகி, விரலால் 30 விநாடி பிடிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது காதில் இருந்தும் பயனில்லை.

வாசிப்புக்கு வேண்டியது எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் குறைக்கும் இசைக்கலைஞர் பிளக். எட்டிமோட்டிக் நிறுவனத்தின் வடிகட்டிகள் 9, 15, 25 என்று மூன்று அளவில் வருகின்றன. காதின் அச்செடுத்துச் செய்த உறையில் இவற்றைப் பொருத்துவார்கள். நாதசுரத்துக்கு 9, அல்லது 15; தவிலுக்கும் தாளத்துக்கும் 15. 25 இருந்தால் பக்கத்தில் இருப்பவரின் வாசிப்பே காதில் விழாது.

நாதசுரக்காரருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. வாயில் வைத்து ஊதும் சீவாளியின் அதிர்வு பல், தாடை வழியாகவும் காதுக்குப் போகிறது. காதுக்குழாயின் வெளிப்பகுதி குருத்தெலும்பு. அது அதிர்ந்து எழுப்பும் ஒலி திறந்த காதில் வெளியே போய்விடும். வாசலில் மட்டும் அடைத்தால் வெளியேற வழியில்லாமல், பானைக்குள் தலையை விட்டதுபோல முழங்கும். ஊதும் அழுத்தத்திலும் உதட்டிலும் சுருதி நிற்கும் வாத்தியம் இது. முழக்கத்துக்கு நடுவே சுருதி நழுவுவது தெரியாது. தீர்வு, குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்டி எலும்புப் பகுதி வரை போகும் ஆழமான அச்சு. அச்செடுக்கும்போது வாயை மூடி உட்காராதீர்கள். தாடை அசைந்தால் குழாயின் வடிவமே மாறும். சீவாளியைக் கையோடு கொண்டுபோய், வாசிக்கும் நிலையில் வாயை வைத்தபடி அச்செடுக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்க ஆடியாலஜிஸ்டிடம் (கேள்வித்திறன் நிபுணரிடம்) கூச்சப்பட வேண்டாம். மூடிய வாயில் எடுத்த உறை, முதல் பல்லவிக்குள் தளர்ந்துவிடும்.

புது பிளக்கை நேராகக் கச்சேரியில் போடுவதுதான் பலரும் அதைத் தூக்கி எறியக் காரணம். இரண்டு வாரம் வீட்டுச் சாதகத்தில், முதலில் 20 நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் போடுங்கள். சுருதிப் பெட்டியைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துக்கொண்டால் போதும். போட்டால் இரண்டு காதிலும் போட வேண்டும். மெழுகை வாராவாரம் துடையுங்கள். வடிகட்டியின் துளை அடைத்தால் சத்தம் மந்தமாகும், பழி பிளக்கின் மேல் விழும்.

உட்காரும் இடம்

காசில்லாமல் கிடைக்கும் பாதுகாப்பு இது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். மண்டபத்தில் எதிரொலியால் அவ்வளவு குறையாது, ஆனாலும் பலன் உண்டு. பக்கத்துத் தவிலின் வலந்தலை உங்கள் காதை நேராகப் பார்த்திருந்தால் அரை முழம் முன்னே பின்னே நகருங்கள். ஊர்வலத்தில் தாளக்காரர் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்றால், தாளத்தை இடுப்பு மட்டத்தில் வைத்துத் தட்டச் சொல்லுங்கள். மண்டபத்து ஸ்பீக்கர் பெட்டி மேடையைப் பார்த்து இருந்தால் திருப்பச் சொல்லுங்கள். மைக்கே தேவைப்படாத வாத்தியத்துக்கு மைக் வைத்துப் பெட்டியையும் நம் பக்கம் திருப்புவது வேடிக்கைதான், ஆனால் நடக்கிறது. புறப்பாட்டில் அதிர்வேட்டு வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் நாதசுரத்தை இறக்கிக் காதுமுனையை விரலால் அழுத்தி மூடுங்கள். வேட்டு நேரம் பார்த்துச் சேதம் செய்வதில்லை, ஒன்றே போதும்.

கச்சேரி முடிந்தால் அன்று முழுக்கக் காதுக்கு ஓய்வு. திரும்பும் வேனில் ஹெட்போன், வீட்டில் உரக்க டிவி இரண்டும் வேண்டாம்.

வீட்டில், இரவில்

இங்கே பிளக் கூடாது. அமைதியான அறையில் காதை அடைத்தால் மூளை இன்னும் ஏற்றிவைக்கும். நாளாக நாளாகப் பாத்திரம் விழும் சத்தம்கூடப் பொறுக்காத கூச்சம் வந்துவிடும். மின்விசிறியோ மழைச் சத்தமோ, இரைச்சலை விட ஒரு மாற்றுக் குறைவான அளவில் ஓடட்டும். இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு வைத்தால் மூளை அதற்குப் பழகாது. இரண்டும் கலந்து கேட்க வேண்டும். தம்புரா செயலி இதற்கு ஏற்றதல்ல. பாட்டுக்காரக் காது சுருதியைக் கேட்டால் சும்மா இருக்காது, ஸ்வரம் தேட ஆரம்பித்துவிடும்.

இன்னொரு வலையும் உண்டு: காதுக்குள் கேட்பது எந்த ஸ்வரம் என்று சுருதிப் பெட்டியோடு ஒப்பிடுவது. ஒரு முறை பார்த்து ஆடியாலஜிஸ்டிடம் சொல்லுங்கள், அதோடு நிறுத்துங்கள். தினமும் ஒப்பிட்டால் மூளைக்கு அதை முக்கியமான சேதியாக நீங்களே பழக்குகிறீர்கள். காலையில் எழுந்ததும் ‘இருக்கிறதா’ என்று தேடுவதும் அப்படித்தான். தூக்கம் கெட்டு மனம் அதிலேயே நின்றால் மனநல ஆலோசகரிடம் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை கேளுங்கள். சத்தத்தை அது குறைக்காது. சத்தம் தரும் தொந்தரவைக் குறைப்பதில் இதற்கு உள்ள அளவு ஆதாரம் வேறு எதற்கும் இல்லை.

மாத்திரைக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். நம்மூரில் அடிக்கடி எழுதித்தரும் பீட்டாஹிஸ்டினை இரைச்சலுக்காகக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2020-இல் சொல்லியிருக்கிறது. ஜிங்கோ, துத்தநாக மாத்திரைகளை அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014-இலேயே பரிந்துரைக்க வேண்டாம் என்றது. காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடாதீர்கள். பட்ஸ் போட்டுக் குடைவது மெழுகை உள்ளே தள்ளி இரைச்சலைக் கூட்டலாம். வேறு நோய்க்கு ஜென்டாமைசின் போன்ற ஊசி போட நேர்ந்தால் காதில் இரைச்சல் இருப்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வித்திறனும் குறைந்திருந்தால் காதுக்கருவி இரைச்சலையும் தணிக்கும். ஆனால் பேச்சுக்காக அமைத்த கருவி, கார்வையாக நிற்கும் நாதசுர ஸ்வரத்தைத் தன் விசில் சத்தம் என்று நினைத்து வெட்டப் பார்க்கும். ஸ்வரம் நடுங்கும், இரட்டையாகக் கேட்கும். இசைக்கென்று தனி அமைப்பு ஒன்றைப் போட்டு, அதில் விசில் தடுப்பையும் இரைச்சல் குறைப்பையும் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். சரியாக இருக்கிறதா என்பதை ஆடியாலஜிஸ்டின் அறையிலேயே, போனில் ஒரு நீண்ட கார்வையைப் போட்டுக் கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.