ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ் தரநிலை எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரவுப் பரிமாற்றத் தரநிலைகளுக்கான வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை அடிக்கடி என்னிடம் வருகிறது. எழுதுகிறவர்கள் புதியவர்கள். தவறுகள் மட்டும் பழையவை, எங்கள் தலைமுறை செய்து தீர்த்தவை. விடுபட்ட கமா, பொருந்தாத அடைப்புக்குறி எல்லாம் கருவிகளே பிடித்துவிடும், அவற்றை விடுவோம்.

எதற்கான தரநிலை என்று முடிவு செய்யாமல் தொடங்குவது

ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ் என்பது, நிரலில் இருக்கும் ஆப்ஜெக்ட்களை அப்படியே சேமித்து வைக்கும் தரவுத்தளம். அதை விற்ற நிறுவனங்கள் சேர்ந்து 1991-இல் ஓடிஎம்ஜி என்ற குழுவை அமைத்தன. முதல் தரநிலை 1993-இல் வந்தது, கடைசியான 3.0 பதிப்பு 2000-இல். அடுத்த ஆண்டே குழு கலைந்தது. ஸ்கீமாவுக்கு (தரவின் அமைப்பை வரையறுக்க) ஓடிஎல் மொழி, வினவலுக்கு ஓக்யூஎல் மொழி, அப்புறம் சி++, ஸ்மால்டாக், ஜாவா நிரல்மொழிகளுக்கான இணைப்புகள். முதன்மை நோக்கம் ஒன்றுதான்: ஒரு நிறுவனத்தின் டேட்டாபேஸுக்கு எழுதிய நிரல், இன்னொன்றிலும் ஓட வேண்டும்.

நிரல் இடம் மாறுவது வேறு, தரவு இடம் மாறுவது வேறு. தரவைக் கோப்பாக இறக்கி ஏற்றுவதற்கான ஓஐஎஃப் வடிவம் 1997-இன் 2.0 பதிப்பில்தான் வந்தது. இன்றைய வரைவுகள் பலவும் முதல் பக்கத்திலேயே இரண்டையும் சேர்த்து வாக்குக் கொடுத்துவிடுகின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

உள் ஐடியைக் கோப்பில் எழுதிவிடுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஆப்ஜெக்ட் டேட்டாபேஸில் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் அமைப்பே ஓர் அடையாளம் (ஐடி) கொடுக்கிறது. உள்ளே இருக்கும் மதிப்புகள் எல்லாம் மாறினாலும் அது மாறாது. மதிப்புகள் எல்லாம் ஒன்றாக இருந்தாலும் இரண்டு ஆப்ஜெக்ட்கள் இரண்டுதான். சில அமைப்புகளில் அந்த எண், வட்டில் எந்தப் பக்கத்தில் எந்த இடம் என்பதையே குறிக்கும். அதை அப்படியே ஏற்றுமதி செய்தால், பெறுகிற இடத்தில் அதே எண் வேறொன்றிடம் ஏற்கெனவே இருக்கலாம்.

இதைக் கண்டு பயந்து, ஐடியே வேண்டாம் என்று எதிர்ப்பக்கம் ஓடுகிறவர்களும் உண்டு. எல்லாவற்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக எழுதிவிடுவார்கள். இரண்டு பம்புகள் ஒரே மின்சாரப் பெட்டியைச் சுட்டினால், கோப்பைப் படித்த பிறகு பெட்டி இரண்டாகிவிடும். ஒன்றையொன்று சுட்டும் ஆப்ஜெக்ட்கள் வந்தாலோ எழுதும் நிரல் முடிவில்லாமல் சுற்றும். ஜேசன் என்ற உரைவழித் தரவு வடிவத்தில் இதற்கென்று எந்தக் குறியீடும் கிடையாது, தரநிலை எழுதுகிறவர்தான் வகுக்க வேண்டும்.

தீர்வு புதிதல்ல. ஓஐஎஃப் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் ஒரு குறிப்பெயர் வைக்கிறது. எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு மொழியில் பெயர் வைக்க ஐடி, அதைச் சுட்ட ஐடிரெஃப் இருக்கின்றன. பொருள்களின் வடிவமைப்புத் தரவைப் பரிமாறுவதற்கான ஐஎஸ்ஓ 10303 தரநிலையின் 21-ஆம் பகுதியில் #10, #11 என்று எண்கள் வரும். மூன்றிலும் அந்தப் பெயர் சுட்டுவதற்கு மட்டுமே. அந்தப் பரிமாற்றத்தோடு அதன் ஆயுள் முடிந்தது.

கட்டட மாதிரிகளைப் பரிமாறும் ஐஎஃப்சி கோப்புகள் பெரும்பாலும் இந்த 21-ஆம் பகுதி வடிவில்தான் வருகின்றன. நான் பார்த்த ஒரு குழு, அந்த # எண்ணையே கீயாக (பதிவைத் தேடும் அடையாளமாக) வைத்துப் பராமரிப்புப் பதிவுகளை இணைத்திருந்தது. செயல்விளக்கம் அருமையாகப் போனது. பிறகு வடிவமைப்பாளர் ஒரு சுவரைச் சேர்த்து மறுபடி ஏற்றுமதி செய்தார், எண்கள் எல்லாம் நகர்ந்துவிட்டன. தீத்தடுப்புக் கதவின் சோதனைப் பதிவு ஒரு ஜன்னலில் போய் உட்கார்ந்தது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. எப்படி வரும்? தேடிய எண்கள் எல்லாமே கோப்பில் இருந்தனவே! அனுப்பியவரின் கோப்பில்தான் தவறு என்று கடைசிவரை வாதாடினார்கள். கோப்பு தரநிலைப்படி சுத்தமாக இருந்தது. 128 பிட் எண்ணை 22 எழுத்துகளாகச் சுருக்கிய குளோபல்ஐடி என்ற உலகளாவிய அடையாளம், அதே வரியில் யாரும் தொடாமல் கிடந்தது.

சரி, உலகளாவிய ஐடி ஒன்றைச் சேர்த்துவிட்டால் போதுமா? எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். 'ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் தனித்துவமான ஐடி இருக்க வேண்டும்' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். யார் உருவாக்குவது? மறு ஏற்றுமதியில் மாறலாமா? ஒரு சுவரை நகலெடுத்தால் நகலுக்குப் புது ஐடியா? ஒன்றை இரண்டாக வெட்டினால் பழைய ஐடி எந்தப் பாதிக்கு? நீக்கியதை மறுபடி பயன்படுத்தலாமா? இவற்றுக்கு விடை எழுதாவிட்டால் ஒவ்வொரு மென்பொருளும் தனக்குத் தோன்றியதைச் செய்யும். (ஒவ்வொரு ஏற்றுமதிக்கும் எல்லா ஐடிகளையும் புதிதாக உருவாக்கும் மென்பொருளைப் பார்த்திருக்கிறேன். 'தனித்துவமான' என்ற விதியை அது மீறவே இல்லை!)

மெத்தட்களையும் அனுப்ப நினைப்பது

வேண்டாம். மெத்தட் என்பது ஆப்ஜெக்டோடு ஒட்டிய நிரல்துண்டு. நிலை, அதாவது ஆப்ஜெக்டின் மதிப்புகள், மட்டும் போகட்டும்.

தெரியாத ஃபீல்டைப் பற்றிப் பேசாமல் விடுவது

பழைய நிரல் புதிய கோப்பைப் படிக்கிறது, தெரியாத ஃபீல்டு ஒன்று வருகிறது. நிற்பதா, தாண்டிப் போவதா, பத்திரமாக வைத்திருந்து திருப்பி எழுதுவதா? கூகுளின் ப்ரோட்டோகால் பஃபர்ஸ் என்ற தரவு வடிவம் ஒவ்வொரு ஃபீல்டையும் ஓர் எண்ணால் அடையாளம் காண்கிறது. அதன் புரோட்டோ3 பதிப்பு ஆரம்பத்தில் தெரியாத ஃபீல்டுகளைத் தூக்கி எறிந்தது. 2017-இல் 3.5 வெளியீட்டில்தான் மறுபடி காப்பாற்றத் தொடங்கியது. அத்தனை அனுபவம் உள்ளவர்களே மனம் மாறிய இடம் இது. நீக்கிய ஃபீல்டின் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.

தேதி

ஆர்எஃப்சி 3339 என்ற இணையத் தேதி-நேர வடிவம். சொந்தமாக எதையும் கண்டுபிடிக்காதீர்கள்.

எழுத்துக்குறியாக்கம்

யூடிஎஃப்-8.

பெரிய எண்கள்

ஜேசன் எண்களுக்கு எல்லை வைக்கவில்லை, படிக்கும் நிரல்கள் வைத்திருக்கின்றன. 9,007,199,254,740,992-ஐத் தாண்டினால் ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகைக்கு அடுத்தடுத்த முழு எண்களைப் பிரித்துச் சொல்லத் தெரியாது. 64 பிட் ஐடிகளை ஸ்டிரிங்காக (எழுத்துத் தொடராக) அனுப்புங்கள்.

சோதனைக் கோப்புகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

ஓக்யூஎல்லை முழுமையாக நிறைவேற்றிய நிறுவனம் எதுவும் இல்லை என்பார்கள். ஒவ்வொருவரும் தமக்கு முடிந்த துண்டை மட்டும் செய்துவிட்டு, தரநிலையை ஆதரிப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். சரிபார்க்கப் பொதுவான கோப்புகள் இல்லாவிட்டால் மறுத்துப் பேசவும் வழியில்லை.

சரியான கோப்புகளை மட்டும் வைத்தாலும் பயனில்லை. ஒன்றையொன்று சுட்டும் இரண்டு ஆப்ஜெக்ட்கள், இல்லாத ஆப்ஜெக்டைச் சுட்டும் ஒன்று, இரண்டு முறை வரும் ஒரே ஐடி, தெரியாத ஃபீல்டு. இந்த நான்கையும் முதல் வரைவோடேயே இணையுங்கள். பெறுகிற நிரல் ஏற்க வேண்டுமா, மறுக்க வேண்டுமா என்று ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதுங்கள்.