ரங்கூனுக்கு முதல் தடவை வருகிறீர்களா? ஒரு நாளை இப்படிப் போடுங்கள்

ரங்கூன், இப்போதைய பெயரில் யாங்கோன், பெரிய ஊர். ஆனால் முதல் தடவை வருகிறவர் பார்க்க வேண்டிய பகுதியில் பெரும்பாலானதை நடந்தே முடித்துவிடலாம். சென்னையிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் சொந்தக்காரர்களை ஊர் சுற்றிக் காட்டுவது எங்கள் வீட்டில் என் வேலை. அவர்களோடு நடந்ததில் ஒரு வரிசை படிந்திருக்கிறது. விடியற்காலையில் ஆற்றங்கரை, முற்பகலில் தெருக்கள், உச்சி வெயிலில் நிழல், சாயங்காலம் சுவேடகோன் என்ற பெரிய புத்த பகோடா. இடங்களைக் கூட்டலாம், குறைக்கலாம். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். கோயில்களிலும் பகோடாக்களிலும் செருப்பில்லாமல்தான் நடக்க வேண்டும், நண்பகல் தரையில் கால் வைக்க முடியாது.

விசா, விமானம், தங்குமிடம் பற்றி இங்கே எழுதவில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு நாட்டு நிலைமை மாறிவிட்டது. புறப்படும் முன் உங்கள் அரசின் பயண அறிவிப்பைப் படியுங்கள். ராணுவத்தினரையும் போலீசையும் சோதனைச் சாவடிகளையும் படம் எடுக்க வேண்டாம். பாஸ்போர்ட் எப்போதும் கையோடு இருக்கட்டும். இரவில் நேரத்தோடு அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

முதல் படி: பணமும் பையும்

டாலர் கொண்டு வருகிறீர்கள் என்றால் மடிப்பு விழாத, கறை படாத, கிறுக்கல் இல்லாத புது நோட்டாகப் பார்த்து எடுத்து வாருங்கள். நடுவில் ஒரு மடிப்பு இருந்தாலே பணம் மாற்றும் இடத்தில் விலையைக் குறைப்பார்கள், அல்லது வாங்கவே மாட்டார்கள். பர்ஸில் வைக்காமல் ஒரு புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டு வருவது நல்லது. கார்டை நம்பி வராதீர்கள்.

இந்த ஊர்ப் பணமான சியாட் நோட்டு கைக்கு வந்ததும் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். நோட்டின் ஒரு பக்கத்தில் பர்மிய எண்ணும் மறுபக்கத்தில் நமக்குத் தெரிந்த எண்ணும் இருக்கும். தங்கும் அறையில் உட்கார்ந்து நாலைந்து நோட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். விலைப் பலகை, கதவு எண் பலவும் பர்மிய எண்ணில்தான் எழுதியிருக்கும். இந்தப் பத்து உருவங்கள் பிடிபட்டால் பாதி ஊர் பிடிபட்டது போலத்தான்.

ஷூ வேண்டவே வேண்டாம். எளிதில் கழற்றி மாட்டும் செருப்பு, அதைப் போட்டுக்கொள்ள ஒரு துணிப்பை, ஒரு சிறு குடை, ஒரு டார்ச். தொப்பியைவிடக் குடையே மேல், வெயிலுக்கும் ஆகும், மே நடுவில் தொடங்கி அக்டோபர் வரை கொட்டும் மழைக்கும் ஆகும். டார்ச் எதற்கு என்றால், இங்கே மின்சாரம் அடிக்கடி போகும். நடைபாதைப் பலகைகளுக்கு அடியில் சாக்கடை ஓடுகிறது, சில இடங்களில் பலகை உடைந்து பள்ளமாக இருக்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் நடக்க ஏற்ற காலம்.

இரண்டாம் படி: தெரு முகவரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வருகிறவர்கள் எல்லோரும் தடுமாறுவது இங்கேதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

நகரின் நடுப்பகுதி ஆங்கிலேயர் 1850-களில் கட்டம் போட்டு அமைத்தது. கிழக்கு மேற்காக ஐந்து பெரிய சாலைகள். ஆற்றிலிருந்து வடக்கே எண்ணினால் ஸ்டிராண்ட், மெர்ச்சன்ட், மகா பந்துலா, அனோரதா, போஜோ ஆங் சான். இவற்றை வெட்டிக்கொண்டு தெற்கு வடக்காகப் போகும் குறுகிய தெருக்களுக்கெல்லாம் எண்தான் பெயர். மேற்கிலிருந்து கிழக்கே எண் ஏறிக்கொண்டு போகும். 19-ஆம் தெரு சீனர் பகுதியில் இருக்கிறது, 26-ஆம் தெரு நம் காளியம்மன் கோயில் பக்கம், 37-ஆம் தெரு பழைய புத்தகக் கடைகள் இருக்கும் இடம். சில எண் தெருக்களுக்கு ஒருமுறை பெயர் வைத்த அகலத் தெரு ஒன்று அவற்றுக்கு இணையாக இடையில் வரும். நடுவில் சூலே பகோடா. ஊர்களுக்கான தூரத்தையே அந்த இடத்திலிருந்துதான் அளக்கிறார்கள்.

இதுவரை சுலபம். சிக்கல் என்னவென்றால், ஒரே எண் தெரு ஆற்றங்கரையில் தொடங்கி வடக்கே நீண்டு போகிறது, பெரிய சாலைகள் அதைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. அந்தத் துண்டுகளுக்குக் கீழ், நடு, மேல் என்று பெயர். ஆற்றுப் பக்கம் கீழ், வடக்குப் பக்கம் மேல். பர்மிய மொழியில் கீழே என்பதற்கு அவுக், நடு என்பதற்கு அலே, மேல் என்பதற்கு அத்தெத். முகவரியில் இந்தச் சொல் விட்டுப்போனால் வீட்டு எண் இருந்தும் பயனில்லை. டாக்சிக்காரர் உங்களை ஸ்டிராண்ட் முனையில் இறக்கிவிட்டுப் போய்விடுவார், நீங்கள் தேடும் கடை நான்கு சாலை தள்ளி வடக்கே இருக்கும்.

ஆகவே யாரிடம் முகவரி வாங்கினாலும் மூன்று விஷயம் கேளுங்கள்: தெரு எண், எந்தத் துண்டு, எந்த இரண்டு பெரிய சாலைகளுக்கு நடுவில். மூன்றையும் ஒரு தாளில் பர்மிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஹோட்டல் வரவேற்பில் இருப்பவர் மகிழ்ச்சியோடு எழுதித் தருவார். இணையம் எப்போது வேலை செய்யும் என்று சொல்ல முடியாது, எனவே ஆர்கானிக் மேப்ஸ் மாதிரி இணையமில்லாமல் ஓடும் வரைபடத்தை ஊரிலேயே இறக்கிக்கொண்டு வாருங்கள். ஆனாலும் என் ஓட்டு அந்தத் தாளுக்குத்தான். தெருவோரம் வெற்றிலை மடிக்கிற பாட்டியும் தாளைப் பார்த்ததும் வழி காட்டிவிடுவார்.

சாலையைக் கடக்கும்போது முதலில் இடப் பக்கம் பாருங்கள். 1970-இலிருந்து இங்கே வண்டிகள் சாலையின் வலப்புறமாக ஓடுகின்றன. இந்தியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறவர்களுக்குக் கழுத்து பழக்கப்படி வலப்பக்கமே திரும்பும். வலப்பக்கம் ஓட்டினாலும் பல கார்களில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கும், அதனால் முந்திச் செல்லும் வண்டியின் ஓட்டுநருக்கு எதிரில் வருவது சரியாகத் தெரியாது. கவனம்.

மூன்றாம் படி: விடியற்காலை ஆற்றிலிருந்து மேலே

ஆறு மணிக்கு பான்சோடான் படகுத்துறையில் இருங்கள். எதிர்க்கரையான டலாவிலிருந்து காய்கறிக் கூடையும் பூவுமாக ஜனங்கள் வந்து இறங்கும் நேரம் அது. விருப்பமிருந்தால் படகில் ஏறி ஒரு தடவை போய் வரலாம். வெளிநாட்டவருக்குத் தனி டிக்கெட். டலாவில் இறங்கியதும் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள், போகும் தூரத்தையும் கூலியையும் முதலிலேயே பேசிக்கொள்ளாமல் ஏறாதீர்கள். ஆற்றைப் பார்த்துவிட்டு அடுத்த படகிலேயே திரும்பிவிடுவதுதான் எனக்குப் பிடித்தது.

துறையிலிருந்து பான்சோடான் தெருவில் வடக்கே நடந்தால் இரு பக்கமும் பழைய வங்கிகளும் கம்பெனிக் கட்டடங்களும் வரும். 1901-இல் திறந்த ஸ்டிராண்ட் ஹோட்டல் பக்கத்தில்தான் இருக்கிறது. மகா பந்துலா சாலையில் இடப்பக்கம் திரும்பினால் பூங்கா, அதற்குள் சுதந்திரத் தூண், ஓரத்தில் கடிகாரக் கோபுரத்தோடு சிவப்புச் செங்கல் உயர்நீதிமன்றம். எதிரே நகர மண்டபமும் சூலேயும். எண் தெருக்களுக்குள் நுழையும்போது தலைக்கு மேலே பாருங்கள். மாடி வீடுகளிலிருந்து கயிறுகள் தொங்கும், நுனியில் கிளிப் மாட்டியிருக்கும். பேப்பர்காரரும் காய்காரரும் அதில் மாட்டிவிட்டால் மேலேயிருந்து இழுத்துக்கொள்வார்கள். முகத்தில் இடிக்காமல் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

காலைச் சாப்பாடு மொய்ங்கா. மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ், வாழைத்தண்டு, மேலே நொறுக்கிப் போட்ட பேஜோ என்ற மொறுமொறுப்பான பருப்பு வறுவல். பத்து மணிக்கு மேல் நல்ல கடைகளில் தீர்ந்துவிடும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். சென்னையில் பாரிமுனைப் பக்கம் பர்மா கடைகளில் சாப்பிட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது, எலுமிச்சைப் புல் வாசனை மட்டும் இங்கே தூக்கலாக இருக்கும்.

நான்காம் படி: அனோரதா சாலை

சூலேயிலிருந்து அனோரதா சாலையில் மேற்கே நடங்கள். 26-ஆம், 27-ஆம் தெருக்களுக்கு நடுவில் ஸ்ரீ காளியம்மன் கோயில், 1871-இல் தமிழர்கள் கட்டியது. உள்ளே தாராளமாகத் தமிழில் பேசுங்கள், பதில் வரும். பெரியவர்களை ஐயா, அம்மா என்று கூப்பிட்டு விசாரித்தால் உங்கள் ஊர் எது என்று திரும்பக் கேட்டு உட்கார வைத்துவிடுவார்கள். அதற்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அவசர அவசரமாகக் கும்பிட்டுவிட்டு ஓடுகிறவர்கள் இந்த ஊரின் நல்ல பகுதியைத் தவற விடுகிறார்கள்.

பக்கத்தில்தான் பழைய சூரத்தி பஜார், இப்போது தெய்ஞ்ஜி சந்தை. மூலிகை, மசாலா, கன்னத்தில் பூசும் தனக்கா கட்டை எல்லாம் இங்கே கிடைக்கும். 26-ஆம் தெருவிலேயே யூதர்களின் ஜெப ஆலயம் ஒன்றும் உண்டு. சூலேயைச் சுற்றி மசூதியும் தேவாலயமும். ஒரு முற்பகலில் இத்தனை சமயங்களின் வாசற்படிகளை மிதிக்க முடிவது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

அப்புறம் போஜோ சந்தை. 1926-இல் கட்டியது, அப்போது ஸ்காட் மார்க்கெட். திங்கட்கிழமை மூடியிருக்கும். சுற்றிப் பார்க்கப் போங்கள். கல் பற்றித் தெரியாமல் மாணிக்கமும் பச்சைக்கல்லும் வாங்க வேண்டாம்.

ஐந்தாம் படி: நடுப்பகலில் உட்காருங்கள்

பதினொன்றரைக்கு மேல் நடையை நிறுத்துங்கள். அனோரதா பக்கத்துத் தமிழ்ச் சாப்பாட்டுக் கடைகளில் சோறு, கூட்டு, குழம்பு கிடைக்கும். பிரியாணி வேண்டுமென்றால் டான்பவுக் என்று கேளுங்கள். தெருவோரத்துத் தோசையைக் கட்டாயம் சாப்பிடுங்கள். மொறுமொறுவென்று சுட்டு, தக்காளியும் பட்டாணியும் தூவி மடித்துத் தருவார்கள். தேங்காயும் வெல்லமும் வைத்த இனிப்புத் தோசையும் உண்டு. நம் ஊர்த் தோசையோடு ஒப்பிடாமல் சாப்பிட்டால் மிகவும் பிடித்துப்போகும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காய்கறி மட்டும் என்று கேட்டால் போதாது. ஙப்பி என்ற புளித்த மீன் விழுதும் இறால் பொடியும் எதில் வேண்டுமானாலும் இருக்கும். தெத்தத்லுத் என்று சொல்லுங்கள், உயிர்க்கொலை இல்லாத உணவு என்று புரிந்துகொள்வார்கள்.

சாப்பிட்டதும் ஒரு டீக்கடை. குட்டை நாற்காலி, மேசையில் இலவசமாக வெறும் தேநீர் பிளாஸ்க். பால் டீ கேட்டால் கண்டென்ஸ்ட் மில்க் சேர்த்துத் தருவார்கள். இனிப்பும் பாலும் தூக்கலாக வேண்டுமானால் ச்சோ செய்ன், கடுப்பாக வேண்டுமானால் ஜா செய்ன். ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். தொட்டுக்கொள்ள சமோசாவை வெட்டிப் பிசைந்து தரும் சமூசா தோ, இல்லையென்றால் புளிக்க வைத்த தேயிலையில் செய்யும் லபெ தோ. சுற்றுவட்ட ரயிலில் போக ஆசை இருந்தால் அதற்கும் இதுதான் நேரம். முழு வட்டம் சுமார் 46 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். அன்றைக்கு எதுவரை ஓடுகிறது என்று நிலையத்தில் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

ஆறாம் படி: சுவேடகோன்

நாலரை மணிக்கு டாக்சி பிடியுங்கள். டாக்சியில் மீட்டர் கிடையாது, ஏறும் முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். டாக்சி அழைக்கும் கிராப் செயலி வேலை செய்தால் அதுவே நிம்மதி.

முழங்காலும் தோளும் மறைய உடுத்துங்கள். வேட்டி கட்டிக்கொண்டு போனால் மிகப் பொருத்தம், இங்கே எல்லோரும் லுங்கிதான். படிக்கட்டின் அடியிலேயே செருப்பும் காலுறையும் கழற்ற வேண்டும். அதை அங்கே வைக்காமல் துணிப்பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நான்கு திசையிலும் நான்கு வாசல், ஏறினது ஒன்று, இறங்குவது வேறொன்றாக இருக்கலாம். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு.

மேலே போனதும் பிரகாரம் சுற்றுவது போல வலமாகச் சுற்றுங்கள். எட்டுத் திசையிலும் கிழமைக்கு ஒன்றாகக் கிரக மூலைகள் இருக்கும். ஞாயிறு வடகிழக்கு, திங்கள் கிழக்கு, செவ்வாய் தென்கிழக்கு, புதன் தெற்கு, சனி தென்மேற்கு, வியாழன் மேற்கு, வெள்ளி வடக்கு. வடமேற்கு யாருக்கு என்றால், புதன் பிற்பகலில் பிறந்தவர்களுக்கு, அது ராகுவின் மூலை. பிறந்த கிழமையை வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள், புதன் என்றால் முற்பகலா பிற்பகலா என்பதையும் கேளுங்கள். உங்கள் மூலையில் உள்ள புத்தர் சிலைக்குக் கிண்ணத்தால் தண்ணீர் ஊற்றி வணங்கலாம். விளக்கு ஏற்றும் வரை இருந்துவிட்டு இறங்குங்கள்.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில்தான் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபரின் தர்கா. 1862-இல் இங்கேயே சிறைவாசத்தில் இறந்தார். அவருடைய உண்மையான கல்லறை 1991-இல்தான் தற்செயலாகத் தோண்டும்போது வெளிப்பட்டது. முன்னதாகக் கிளம்பினால் இதையும் பார்த்துவிடலாம்.

இரவுச் சாப்பாட்டுக்கு 19-ஆம் தெரு. கம்பியில் குத்திய மீன், காளான், வெண்டைக்காய் எல்லாவற்றையும் நீங்களே தட்டில் எடுத்துக் கொடுத்தால் சுட்டுத் தருவார்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் பலர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அந்தக் காலத்தில் தாத்தா ரங்கூனிலிருந்து எழுதிய கடிதத்தில் இருக்கும் தெரு இப்போது எங்கே? அடிக்கடி வரும் பெயர்களைத் தருகிறேன். பிரேசர் தெரு இப்போது அனோரதா சாலை. டல்ஹௌசி தெரு மகா பந்துலா சாலை. மொகல் தெரு ஷ்வே பொன்தா தெரு. பேர் (Phayre) தெரு பான்சோடான். ஸ்பார்க்ஸ் தெரு போ ஆங் ஜோ தெரு. எண் தெருக்கள் பெரும்பாலும் அதே எண்ணில் இருக்கின்றன, ஆகவே கடிதத்தில் எண் இருந்தால் வேலை எளிது. கடித உறையின் படத்தை போனில் எடுத்து வாருங்கள், காளியம்மன் கோயிலில் இருக்கும் வயதானவர்களிடம் காட்டுங்கள். துண்டு கீழா மேலா என்பதை அவர்கள் சொல்லிவிடுவார்கள்.